இயந்திரம் மாறியதும் சர்வர் ஏன் விழுகிறது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தேர்வு முடிவு வெளியாகும் காலையிலும், பண்டிகைக்கால ரயில் முன்பதிவு தொடங்கும் எட்டு மணிக்கும் ‘சர்வர் டவுன்’ என்று யாராவது சொல்லக் கேட்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். அந்தச் சர்வர்கள் பெரும்பாலும் கூட்டம் தாங்காமல் திணறுபவை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு வகை. கூட்டமே இல்லாத நடுப்பகலில், சென்ற வாரம் வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு இணையதளத்தின் சர்வர், வேறு வகை இயந்திரத்துக்கு மாற்றப்பட்டபின் திடீர் திடீரென்று படுத்துவிடுகிறதே, அதைப் பற்றி.

வேறு வகை இயந்திரம் என்றால் என்ன? மேசைக் கணினிகளிலும் சர்வர்களிலும் நெடுங்காலமாக இருந்துவருபவை இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் எக்ஸ்86 குடும்பத்துப் பிராசசர்கள், அதாவது நிரலின் கட்டளைகளை நிறைவேற்றும் சில்லுகள். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியில் உள்ளது ஆர்ம் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒன்றுக்குரிய கட்டளை மற்றொன்றுக்குப் புரியாது. 2018-இல் அமேசான் தன் மேகக்கணினிச் சேவையில் கிராவிட்டான் என்ற பெயரில் ஆர்ம் சர்வர்களை வாடகைக்கு விடத் தொடங்கியது. 2020-இல் ஆப்பிள் தன் மடிக்கணினிகளை எம்1 என்ற ஆர்ம் சில்லுக்கு மாற்றத் தொடங்கியது. பல வேலைகளுக்கு மின்சாரமும் வாடகையும் குறைகின்றன என்பதால், இந்த மாற்றம் பெரிய நிறுவனங்களோடு நிற்காமல் சிறிய அலுவலகங்கள் வரை வந்துவிட்டது.

மாற்றியபின் சர்வர் விழுந்தால், உடனே ஒரு வாதம் எழும்: “மென்பொருளில் ஒரு வரியைக்கூட நாங்கள் தொடவில்லை, மாறியது இயந்திரம்தான், ஆகவே கோளாறும் இயந்திரத்தில்தான்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், சில்லே பழுதாகி வந்த விபத்தை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். பிழை மென்பொருளில் முன்பே இருந்திருக்கும். பழைய இயந்திரம் அதைப் பொறுத்துக்கொண்டிருக்கும், புதியது பொறுத்துக்கொள்ளாது. இந்த ஒன்றைத்தான் இன்று சுற்றிச் சுற்றி வந்து சொல்லப்போகிறேன்.

பிழையைத் தேடத் தொடங்கும் முன் பார்க்க வேண்டியது ஓர் எண். லினக்ஸ் என்ற இயக்குதளத்தில் ஒரு நிரல் தன் போக்கில் முடியாமல் கொல்லப்பட்டால், எந்தச் சிக்னலால், அதாவது இயக்குதளம் அனுப்பும் எந்த அறிவிப்பால் கொல்லப்பட்டதோ, அதன் எண்ணோடு 128-ஐக் கூட்டி, அந்தத் தொகையை முடிவு எண்ணாக நமக்குத் தருவார்கள். எழுதிக்கொள்ள விரும்புபவர்கள் எழுதிக்கொள்ளலாம். 139 என்றால் 128-உம் 11-உம். நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட்டிருக்கிறது. 132 என்றால் 128-உம் 4-உம். பிராசசர் அறியாத கட்டளை ஒன்று வந்திருக்கிறது. 134 என்றால், உள்ளே ஏதோ சரியில்லை என்று கண்டு நிரல் தன்னைத்தானே முடித்துக்கொண்டிருக்கிறது. 137 என்றால் வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள்; பெரும்பாலும் நினைவகம் தீர்ந்துபோன நிலையில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே அந்த வேலையைச் செய்திருக்கும். மீண்டும் சொல்கிறேன்: 139-உம் 137-உம் ஒன்றல்ல. 137 வந்த இடத்தில் மாதக்கணக்காக நிரல் வரிகளைத் துருவுபவர்களையும், 139 வந்த இடத்தில் கூடுதல் நினைவகத்துக்குப் பணம் கட்டுபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ‘விழுந்தால் தானாக மீண்டும் எழுந்துகொள்’ என்ற ஏற்பாடு இன்று எல்லா இடங்களிலும் இருக்கிறது. பயனாளருக்கு அது நல்லது. காரணம் தேடுபவருக்கு அதைவிடக் கெட்டது வேறில்லை. சர்வர் விழுந்ததும் சில நொடிகளில் எழுந்துவிடுகிறது, எண் யார் கண்ணிலும் படுவதில்லை. விழும் கணத்தில் நினைவகம் இருந்த நிலையைச் சேமிக்கும் கோர் கோப்பும் பல அமைப்புகளில் முன்னிருப்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். இயந்திரம் மாற்றும் வாரத்திலாவது அதை இயக்கி வையுங்கள். ஜாவா மொழியில் எழுதிய சர்வர் என்றால், அதை ஓட்டும் ஜாவாச் சூழல் தானே ஒரு விபத்து அறிக்கையைக் கோப்பாக எழுதிவைக்கும். எந்த லைப்ரரிக்குள், அதாவது எந்த ஆயத்த நிரல் தொகுப்புக்குள் இருந்தபோது விழுந்தது என்பது அதன் தொடக்க வரிகளிலேயே இருக்கும். அந்தக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் சர்வரை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

இனி நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் ஒரு நிகழ்ச்சி. பழைய தமிழ் இதழ்களை இணையத்தில் வைத்திருந்த ஒரு காப்பகம். ஊர், பெயர் வேண்டாம். அவர்களிடம் இருந்த பழைய கட்டுரைகள் திஸ்கி என்ற குறிமுறையில், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் முறையில், தட்டச்சு செய்யப்பட்டவை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யுனிகோடு குறிமுறை பரவுவதற்கு முன்பு, 1990-களின் இறுதியில், இணையத்தில் இயங்கிய தமிழ் ஆர்வலர்கள் கூடி உருவாக்கிய குறிமுறை அது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை எண்கள் அடங்கும். அவற்றில் 127 வரையான கீழ்ப்பாதி ஆங்கிலத்துக்கு, 128 முதல் மேற்பாதி தமிழுக்கு. யாராவது ஒரு பழைய கட்டுரையைத் திறந்தால், சர்வரில் இருக்கும் சி மொழி நிரல் ஒன்று திஸ்கி எழுத்துகளை யுனிகோடாக மாற்றித் தரும். பல ஆண்டுகளாகச் சிக்கலில்லாமல் ஓடிய நிரல் அது.

சர்வரை ஆர்முக்கு மாற்றினார்கள். இரண்டு புகார்கள் வந்தன. சில பழைய கட்டுரைகளைத் திறந்தால் தளம் விழுகிறது என்பது ஒன்று. சிலவற்றில் எழுத்துகள் குழம்பித் தெரிகின்றன என்பது மற்றொன்று. இரண்டாவதை எழுத்துருச் சிக்கல் என்று தனிப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். தமிழில் எழுத்து குழம்பினால் எழுத்துருவைக் குறைசொல்வது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆங்கிலக் கட்டுரைகள் மட்டும் ஒன்றுகூடத் தவறவில்லை. புதிய யுனிகோடு கட்டுரைகளும் தவறவில்லை. பொறியாளர் அதே நிரலைத் தம் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தார். அது ஆப்பிளின் எம்1, அதுவும் ஆர்ம்தான். அதில் எல்லாம் சரியாக ஓடியது! ஆகவே சர்வர் வாடகைக்கு விட்டவர்களுக்குக் கடுமையான கடிதம் ஒன்று போயிற்று.

முடிவு எண் 139. கோர் கோப்பைத் திறந்து பார்த்தபோது, 0 முதல் 255 வரை மட்டுமே இடங்கள் உள்ள ஓர் அட்டவணையில் 299-ஆம் இடத்தை நிரல் கேட்டிருந்தது. 299-இலிருந்து 128-ஐக் கழித்தால் 171. திஸ்கியில் 171 எந்த எழுத்து தெரியுமா? ‘அ’.

நடந்தது இதுதான். சி மொழியில் ஓர் எழுத்தைக் குறிக்கும் எண் எதிர்ம மதிப்பை ஏற்குமா, ஏற்காதா என்பதை அந்த மொழியின் தரநிலை முடிவுசெய்யாமல் கணினித் தளத்துக்குத் தளம் மாறும்படி விட்டுவைத்திருக்கிறது. எக்ஸ்86 லினக்ஸில் ஏற்கும்; ஆகவே 171 என்ற பைட் அங்கே 256 கழிக்கப்பட்டு, கழித்தல் 85 என்று படிக்கப்படும். பழைய நிரலர் இதைக் கண்டு, எல்லா எண்களோடும் 128-ஐக் கூட்டி அட்டவணையை அமைத்திருந்தார். கழித்தல் 85-உடன் 128-ஐக் கூட்டினால் 43. அந்த இடத்தில் அகரம் காத்திருந்தது. ஆர்ம் லினக்ஸில் அதே பைட் 171 என்றே படிக்கப்படும், 128-ஐக் கூட்டினால் 299, அட்டவணைக்கு வெளியே. ஆங்கில எழுத்துகள் இரண்டு இடத்திலும் ஒரே எண்ணாக இருப்பதால் தப்பின. அட்டவணைக்கு வெளியே போன தமிழ் எழுத்துகளில் சில, அடுத்திருந்த வேறொரு அட்டவணையில் போய் விழுந்து குழப்பமான எழுத்தைத் தந்தன. சில, செல்லாத முகவரியில் விழுந்து சர்வரையே சாய்த்தன. ஆக, இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்று. மடிக்கணினியில் ஏன் ஓடியது? ஆப்பிள் தன் ஆர்ம் கணினிகளில், எக்ஸ்86-ஐப் போலவே, எதிர்ம மதிப்பை ஏற்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. தளம் என்பதில் சில்லோடு அதன்மேல் இருக்கும் இயக்குதளமும் அடங்கும் என்பதை அந்தப் பொறியாளர் அன்றைக்குப் பிறகு மறந்திருக்க மாட்டார்.

திருத்தம் மிகச் சிறியது. அந்த எழுத்து, எதிர்ம மதிப்பையும் ஏற்கும் எண் என்று நிரலில் வெளிப்படையாக ஒரு சொல்லைச் சேர்த்தார்கள், முடிந்தது. கடிதம் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. பிழை ஆர்மில் பிறக்கவில்லை. அது எழுதப்பட்ட நாளிலிருந்தே அந்த நிரலில் இருந்தது.

இந்தக் கோளாற்றில் ஒரு நல்ல குணம் உண்டு: அதே கட்டுரையைத் திறந்தால் அதே இடத்தில் விழும். அடுத்து நான் சொல்லப்போவதற்கு அந்தக் குணம் கிடையாது. ஒரு சர்வருக்குள் பல இழைகள், அதாவது ஒரே நிரலின் தனித்தனி வேலையோட்டங்கள், ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன. ஓர் இழை அமைப்பு விவரங்களை நினைவகத்தில் நிரப்பிவிட்டு, ‘தயார்’ என்று ஒரு குறியை வைக்கிறது. மற்றோர் இழை அந்தக் குறியைப் பார்த்து விவரங்களை எடுத்துக்கொள்கிறது. எக்ஸ்86-இல், ஒரு பிராசசர் எழுதிய வரிசையிலேயே மற்றவை அதைக் காணும். ஆர்முக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. வேகத்துக்காகக் குறி முந்தியும் விவரம் பிந்தியும் தெரியலாம். திருமண வீட்டில் பந்தி தயார் என்று அழைத்துவிட்டார்கள், போய் உட்கார்ந்தால் பாதி இலைகளில் இன்னும் சோறு விழவில்லை என்பது போல. இரண்டாவது இழை வெற்று முகவரியை எடுத்துக்கொண்டு போய் விழும்; மீண்டும் 139.

இது எப்போது நிகழும் என்று சொல்ல முடியாது. கூட்டமான நேரத்தில் வரும், சோதிக்கும்போது வராது. காரணம் தேடுவதற்காகப் பதிவுக் கோப்பில் இரண்டு வரி எழுதச் சொன்னால், அந்தச் சிறு தாமதத்திலேயே மறைந்துவிடும். 1992-இல் டெக் என்ற கணினி நிறுவனம் ஆல்ஃபா பிராசசரை வெளியிட்ட காலத்திலிருந்து அறியப்பட்ட சங்கடம்தான் இது. வரிசையை மாற்றிக் காட்டுவதில் ஆல்ஃபா ஆர்மையும்விடத் தாராளமானது. ஆப்பிள் இதை எவ்வளவு கவனமாக எடுத்துக்கொண்டது என்பதற்கு ஒரு சான்று: பழைய எக்ஸ்86 நிரல்களை எம்1-இல் ஓட்டும்போது, எழுதிய வரிசையைக் காக்கும் தனி நிலை ஒன்றை அந்தச் சில்லிலேயே அமைத்திருக்கிறார்கள். நாம் செய்யக்கூடியது, இழைகளுக்கிடையே பகிரும் குறிகளுக்குப் பூட்டோ (ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் உள்ளே விடுவது), வரிசையைக் காப்பதற்கென்றே உள்ள அணு மாறிகளோ பயன்படுத்துவது. ஜாவாவில் 2004-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தும், சி, சி++ மொழிகளில் 2011-ஆம் ஆண்டுத் தரநிலையிலிருந்தும் இதற்கான விதிகள் தெளிவாக உள்ளன. த்ரெட் சானிடைசர் என்ற கருவி, இத்தகைய பிழைகளைப் பழைய எக்ஸ்86 இயந்திரத்திலேயே, இன்னும் எதுவும் விழாதபோதே காட்டிக்கொடுக்கும். முன்பே இருந்த பிழை என்று நான் சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நேரம் குறைந்துவருகிறது, மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நினைவகத்தைக் கர்னல் பக்கங்களாகப் பிரித்து வழங்குகிறது. எக்ஸ்86-இல் ஒரு பக்கம் வழக்கமாக 4 கிலோபைட். ஆர்மில் 4, 16, 64 என மூன்றும் உண்டு. நிறுவனங்கள் பயன்படுத்தும் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் ஆர்ம் வடிவம் 7, 8 ஆம் பதிப்புகளில் 64-ஐ வைத்திருந்து, 9-இல் 4-க்குத் திரும்பியது. ராஸ்ப்பெரி பை 5 என்ற சிறு கணினி தன் வழக்கமான கர்னலில் 16-ஐப் பயன்படுத்துகிறது. ரெடிஸ் என்ற தரவுத்தளம் போன்ற மென்பொருள்கள் பயன்படுத்தும் ஜெமாலாக் என்ற நினைவக லைப்ரரி, 4 கிலோபைட் பக்கத்துக்கென இயந்திரக் கட்டளைகளாகத் தொகுக்கப்பட்டிருந்தால், பெரிய பக்கம் உள்ள இயந்திரத்தில் பக்க அளவு ஏற்கத்தக்கதல்ல என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு நின்றுவிடும். தொடக்கத்திலேயே விழுவதை நான் நல்ல விழுகை என்பேன். பக்கம் பெரிதானால் சிறு சிறு ஒதுக்கீடுகளும் கூடுதல் இடத்தைப் பிடிக்கும். நேற்று போதுமாக இருந்த நினைவகம் இன்று போதாமல் 137 வருவதுண்டு.

132-ஐப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே குடும்பத்துக்குள்ளும் இது வரும். மாங்கோடிபி என்ற தரவுத்தளத்தின் 5.0 பதிப்பு, எக்ஸ்86-இல் பிற்காலத்தில் சேர்ந்த ஏவிஎக்ஸ் கட்டளைகளையும், ஆர்மில் அந்தக் குடும்பத்தின் 8.2 வடிவத்தையும் எதிர்பார்க்கிறது, 8.0 வடிவச் சில்லு கொண்ட ராஸ்ப்பெரி பை 4-இல் அது 132-உடன் விழும்.

முப்பத்திரண்டு பிட்டிலிருந்து அறுபத்துநான்குக்கு மாறும்போது முகவரிகள் பாதியாக வெட்டுப்படுவது, ஸ்பார்க் என்ற வேறொரு பிராசசர் குடும்பத்து இயந்திரங்களில் முகவரி சரியான எல்லையில் இல்லாவிட்டால் வரும் பிழை, பைட் வரிசை தலைகீழாவது ஆகியவற்றையும் குறித்து வைத்திருந்தேன். அவற்றுக்கு இன்று இடமில்லை. மாற்றப்போகிறவர்கள் பழைய சர்வரை உடனே நிறுத்திவிடாதீர்கள். வருகையில் ஒரு சிறு பங்கை மட்டும் முதலில் புதியதற்கு அனுப்புங்கள். சி மொழியில் எழுதிய துணை லைப்ரரிகள் எவை எவை என்று பட்டியலிட்டு, அவற்றைப் புதிய இயந்திரத்திலேயே எச்சரிக்கைகள் அனைத்தையும் காட்டச் சொல்லித் தொகுத்துப் பாருங்கள். சோதனைக்குத் தரும் உரைகளில் தமிழ் இருக்கட்டும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் தந்து சோதித்திருந்தால், அந்தக் காப்பகத்தில் எந்தப் பிழையும் கண்ணில் பட்டிருக்காது. நன்றி, வணக்கம்.