இளைப்பு வந்தால் நெபுலைசர்தான் வேண்டுமா?

அடுத்த கேள்வி ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். "8 வயதுப் பையனுக்கு ஆஸ்துமா. பனிக்காலத்தில் ராத்திரி இளைப்பு அதிகமாகிறது. வீட்டில் நெபுலைசர் மிஷின் இல்லை, பஃப்தான் இருக்கிறது. உடனே சேலத்துக்கு இறங்கிவிட வேண்டுமா?"

முதலில் பஃப் கொடுங்கள் அம்மா. கிளம்புவதை அப்புறம் பார்க்கலாம். மிஷின் வைத்தால்தான் மருந்து ஏறும் என்று நம்மூரில் பலரும் நினைக்கிறார்கள். கையில் பஃப் இருந்தும் கொடுக்காமல், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும்வரை பிள்ளையை இளைக்க விடுகிறார்களே, அதுதான் என் கவலை. இரண்டிலும் போவது, மூச்சுக்குழாயை விரிக்கும் அதே சால்பியூட்டமால் மருந்துதான். சாதாரண, நடுத்தர இளைப்புக்கு ஸ்பேசர் (பஃப்பின் வாயில் பொருத்தும் பிளாஸ்டிக் குழாய்) வைத்துக் கொடுக்கும் பஃப், நெபுலைசருக்குச் சமமாகவே வேலை செய்யும். கரண்ட் போனாலும் கொடுக்கலாம்.

ஆனால் ஸ்பேசர் கட்டாயம் வேண்டும். மூச்சு வாங்கும் பிள்ளையால், பஃப்பை அழுத்தும் அதே நொடியில் சரியாக இழுக்க முடியாது. மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். பவுடராக இருக்கும் ரோட்டாகேப்பும் அந்த நேரத்துக்குச் சரிப்படாது, அதைப் பலமாக உறிஞ்ச வேண்டும்.

பையனை நிமிர்ந்து உட்கார வையுங்கள். நன்றாகக் குலுக்கி ஒரு பஃப் அழுத்துங்கள், ஸ்பேசரிலிருந்து வாயை எடுக்காமல் ஐந்தாறு மூச்சு விடட்டும். மறுபடி குலுக்கி அடுத்தது. இரண்டு மூன்றை ஒன்றாக அழுத்தினால் மருந்து வீண். அவன் வயதுக்கு ஒரு தடவைக்கு 4 முதல் 10 பஃப் வரை கொடுக்கலாம். உங்கள் டாக்டர் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அதன்படியே செய்யுங்கள். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். தினமும் போடச் சொன்ன, ஸ்டீராய்டு மட்டும் உள்ள பஃப்பை அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாதீர்கள், அது உடனே இளைப்பைக் குறைக்காது.

20 நிமிடம் கழித்தும் குறையவில்லையா? மறுபடி கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள். ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை, விலா உள்ளே இழுக்கிறது, உதடு நீலமாகிறது, பையன் சோர்ந்து கண் செருகுகிறான் என்றால் 20 நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரையும், வண்டியில் ஏறிய பிறகும் பஃப் நிற்கக் கூடாது. இந்த நிலையில்தான் நெபுலைசருக்கு உண்மையான தேவை வருகிறது. மருத்துவமனையில் ஆக்சிஜனோடு சேர்த்து வைப்பார்கள், இப்ராட்ரோபியம் என்ற இன்னொரு மருந்தையும் கலப்பார்கள்.