நடுவில் நிற்கும் குமிழ் யாரைக் கெடுத்தது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். வீட்டு ஸ்டீரியோவில் தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் பேஸ் குமிழும், உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் குமிழும் இருந்தே ஆக வேண்டும் என்பது எங்கள் அணியின் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், ஒலிப்பதிவுக் கூடத்தில் பார்த்துப் பார்த்துச் சமன்செய்து அனுப்பிய இசையை வீட்டில் உட்கார்ந்து திருகுவது, ருசி பாராமலே சாம்பாரில் உப்பை அள்ளிப் போடுவதற்கு ஒப்பாகும் என்றார், கைதட்டலும் வாங்கினார். உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சாம்பார் எந்தப் பாத்திரத்தில் வந்து விழுகிறது என்பதை அவர் பார்க்கவில்லை.

நம் வீட்டு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 10 அடிக்கு 12 அடி. பீரோவும் கட்டிலும் போக மிஞ்சிய மூலையில்தான் ஸ்பீக்கர் பெட்டி நிற்கும். 12 அடி நீளத்தில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 47 முறை அதிரும் தாழ்ந்த ஒலியும், 10 அடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸ் ஒலியும் மோதித் திரும்பிப் பெருகும். பேஸ் கிட்டாரின் ‘ஏ’ கம்பி 55 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. ஆகவே அந்த ஒரு சுரம் வரும்போதெல்லாம் பீரோக் கதவு கூடச் சேர்ந்து பாடுகிறது. இதை எந்த இசையமைப்பாளர் கேட்டார்? குறிப்பிட்ட அந்த ஒரு சுரத்தை மட்டும் பிடித்து அடக்கும் நுட்பம் பேஸ் குமிழுக்குக் கிடையாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் மூலை சேர்த்துவிட்ட பருமனை இரண்டு கோடு இறக்கி வைக்க அது போதும். மைக் வைத்து அளந்து மென்பொருளால் திருத்திக்கொள்ளலாமே என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். அதுவும் ஒலியைத் திருத்துவதுதானே ஐயா? கை திருகினால் பாவம், மென்பொருள் திருகினால் புண்ணியமா?

அடுத்து, நம் காது. சத்தத்தைக் குறைக்கக் குறைக்க, காது தாழ்ந்த ஒலிகளைத்தான் முதலில் கைவிடுகிறது என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து வரைபடமாகவே வெளியிட்டார்கள். பதிவுக் கூடத்தில் உரக்க வைத்துக் கேட்டுச் சமன்செய்த பாட்டை, குழந்தை உறங்கிய பிறகு இரவு 11 மணிக்கு மெல்ல வைத்துக் கேட்டால், தபேலாவின் ‘கும்’ காணாமல் போய் ‘டக்’ மட்டும் மிஞ்சும். அப்போது பேஸைச் சற்று ஏற்றுபவர் இசையமைப்பாளரின் சமனைக் கெடுக்கவில்லை. காது பறித்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கிறார்.

‘மூலத்தில் கை வைக்காதே’ என்று முழங்கும் நண்பர் இசைத்தட்டு அபிமானி என்று அறிகிறேன். அவர் போற்றும் எல்பி தட்டில், பள்ளம் வெட்டும்போதே 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் குறைத்தும், 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ அதே அளவு கூட்டியும் வெட்டுகிறார்கள். அதை நேராக்கும் வேலையை அவர் வீட்டு ஆம்ப்ளிஃபையரில் இசைத்தட்டுக்கென்றே இருக்கும் ஃபோனோ மின்சுற்று சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. இந்த அளவுகளே 1954-இல்தான் பொது முறைக்கு வந்தன; அதற்கு முன் கம்பெனிக்கு ஒரு கணக்கு. 1933-இல் மறைந்த நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின், நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டை எந்தக் கணக்கில் கேட்பது? அவர் குரலுக்கு மேலே தட்டின் இரைச்சல் பொரிந்துகொண்டே இருக்கும். அந்தக் காலப் பதிவில் உச்ச ஒலிகள் மிகக் குறைவு என்பதால், ட்ரெபிளை இறக்கினால் இரைச்சல்தான் பெரிதும் போகும், கிட்டப்பா அப்படியே நிற்பார். குமிழ் இல்லாத, விலை மிகுந்த ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவரோ அவரை அந்தப் பொரியலோடுதான் கேட்டாக வேண்டும்.

குமிழ் இருந்தாலே ஒலி மாசுபடும் என்ற அச்சமும் பழங்கதை. பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1952-இல் வெளியிட்ட பேஸ், ட்ரெபிள் மின்சுற்றில், இரண்டு குமிழையும் நடுவில் நிறுத்தினால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. அதுவும் போதாதென்பவருக்காகக் குமிழ்களை அடியோடு விலக்கி வைக்கும் ‘டைரக்ட்’ பொத்தானும் பல கருவிகளில் உண்டு. எதிரணியினர் அதை அழுத்திக்கொண்டு நிம்மதியாகக் கேட்கட்டும். இரண்டு குமிழையும் கடைசிவரை திருகி வைத்துத் தெருவையே அதிரவைப்பவர்கள் இருக்கிறார்கள்தாம். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

நான் வாதாட வந்தது, 70 வயதைத் தாண்டிய என் தந்தையாருக்காக. வயது ஏறினால் உச்ச ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகும்; அவருக்கும் வயலினின் மேல் ஸ்தாயி மங்கிவிட்டது. ட்ரெபிள் குமிழை வலப்பக்கம் சற்றுத் திருப்பி, கேட்டுப் பார்த்து, தமக்குச் சரியாக வந்த இடத்தில் என் தங்கையின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் வந்து கலைத்துவிட்டுப் போனாலும், கண்ணாடியைத் தேடி எடுத்து அந்தப் பொட்டுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். தீர்ப்பு எதிரணிக்குப் போகுமானால், அந்தப் பொட்டை இனி எங்கே வைப்பது என்று நடுவர் அவர்களே நேரில் வந்து அவரிடம் சொல்லிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.