சிந்திக்கிற மொழியிலேயே மெய்யியல்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் துணைவேந்தர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, இந்த விழாவுக்காக ஓடியாடி உழைத்த மன்றச் செயலாளர் அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். துணைவேந்தர் அவர்கள் வேறு நிகழ்ச்சிக்குப் போக வேண்டியிருந்தும், என் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன் என்று உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி. அவரிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு, அப்புறம் சொல்கிறேன்.

மெய்யியலில், அதாவது தத்துவத்தில், அறிவின் பங்கு, உணர்வின் பங்கு, மொழியின் பங்கு என்று மூன்றைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நான் எந்த மேடை ஏறினாலும் இந்தப் பழமொழியைச் சொல்லாமல் இறங்குவதில்லை. பழைய கிரேக்க ஞானி பிளேட்டோவும் அறிவைத் தேரோட்டியாக வைத்து, ஆசை என்னும் முரண்டு பிடிக்கும் குதிரையை அடக்கச் சொன்னார். ஸ்காட்லாந்து மெய்யியலாளர் ஹியூம் 1739-இல் நேர்மாறாக எழுதினார்: அறிவு உணர்ச்சிகளின் அடிமை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்று. யார் சொன்னது சரி?

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். 1643-ஆம் ஆண்டு. நாடிழந்த ஓர் அரச குடும்பம் நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் அடைக்கலம் புகுந்திருக்கிறது. அந்த வீட்டு மகள், பொஹீமியாவின், அதாவது இன்றைய செக் நாட்டுப் பகுதியின், இளவரசி எலிசபெத். வயது 24. மனம் வேறு, உடல் வேறு, மனத்துக்கு நீள அகலம் கிடையாது என்று எழுதிப் புகழ்பெற்றிருந்த பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட்டுக்கு அவர் கடிதம் போடுகிறார். நீள அகலமே இல்லாத மனம் உடலை எப்படி ஐயா அசைக்கும்? தள்ள வேண்டுமென்றால் தொட வேண்டாமா? இதுதான் கேள்வி. டேக்கார்ட் பதில் எழுதினார். அம்மையார் விடவில்லை, விளங்கவில்லை என்று திருப்பி எழுதினார். இதற்கெல்லாம் வருடத்தில் சில மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்று டேக்கார்ட் சொல்லிப் பார்த்தார். எலிசபெத் அதற்கும் மசியவில்லை.

1645-இல் எலிசபெத்துக்கு விட்டு விலகாத காய்ச்சல், வறட்டு இருமல். மனத்துயரம்தான் காரணம் என்றார் டேக்கார்ட். பழைய ரோமானிய மெய்யியலாளர் செனெக்காவைப் படியுங்கள் என்றார். படித்தார் எலிசபெத். படித்துவிட்டு, சிந்திக்கும் திறனையே பறித்துக்கொள்ளும் நோய்கள் உண்டே, அப்போது அறிவு எங்கே போகும் என்று கேட்டார். உணர்ச்சிகளை வகுத்துக் காட்டுங்கள் என்றும் கேட்டார். அந்தக் கேள்விகளின் தூண்டுதலால்தான் உணர்ச்சிகளைப் பற்றிய டேக்கார்ட்டின் நூல் பிறந்து, 1649-இல் வெளிவந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, சரி. துயரப்பட்ட இந்தப் பெண்ணுக்குப் புத்தி மட்டா? படுத்துக் கிடந்தவருக்குத்தானே அந்தக் கேள்வி தோன்றியது!

அவர்கள் எழுதிக்கொண்டது பிரெஞ்சு மொழியில். அறிஞர்களின் லத்தீன் இருவருக்கும் தெரியும். ஆனாலும் பேசிப் பழகிய மொழியில் எழுதினார்கள். அதற்கு முன்பே, 1637-இல், டேக்கார்ட் தம் முதல் நூலைப் பிரெஞ்சிலேயே வெளியிட்டார். பழைய ஏடுகளை மட்டும் நம்புகிறவர்களைவிட, தம் இயல்பான அறிவைக் கொண்டு பார்க்கிறவர்கள் நன்றாக மதிப்பிடுவார்கள் என்று காரணமும் சொன்னார். 1687-இல் ஜெர்மானிய அறிஞர் தொமாசியுஸ் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழியில் வகுப்பு அறிவித்தார். 1781-இல் ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் தம் பெருநூலை ஜெர்மன் மொழியில் தந்தார். லத்தீனிலேயே கிடந்திருந்தால் பாமர மக்களுக்கு இதில் ஒரு வரி எட்டியிருக்குமா?

ஒரு வாய்மொழித் தேர்வில் மாணவி ஒருத்தி ஹியூமை வேற்றுமொழியில் ஒரு பிசகில்லாமல் ஒப்பித்தாள். உனக்கு அது சரியென்று படுகிறதா என்று அவள் மொழியில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பாட்டி இறந்தபோது அழுகை வரவில்லை, ஆனால் அழ வேண்டும் என்று தெரிந்தது, அந்தத் தெரிதல் எந்த உணர்ச்சியின் அடிமை என்று என்னையே கேட்டாள். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் போட வினாத்தாளில் இடமில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அறிவைப் பற்றித் தனியே பேச நேரமில்லை. துணைவேந்தர் அவர்களே, என் வேண்டுகோள் இதுதான். மெய்யியல் துறையில் ஆய்வேட்டையும் வாய்மொழித் தேர்வையும் தாய்மொழியில் நடத்த அடுத்த கல்வியாண்டிலேயே ஆணையிடுங்கள். கலைச்சொல் போதவில்லை என்று சொல்வார்கள். எழுத எழுதத்தான் சொல் வரும். நன்றி, வணக்கம்.