ஒரு சாண் தூரத்தில் மலை

வணக்கம். பேருந்து ஜன்னல் வழியாகவாவது மலையைப் பார்த்திருப்பீர்கள். தூரத்தில் நீலமாக நிற்கும். அதே மலையை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்ப்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பாறையேற்றம். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கையாலும் காலாலும் பாறையைப் பற்றி ஏறுவது.

ஏறும்போது கண்ணைவிட விரல்கள்தான் அதிகம் பார்க்கும். கிரானைட் பாறையைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும். பூமிக்கடியில், வெகு ஆழத்தில் உருகிக் கிடந்த குழம்பு மிக மெதுவாக ஆறியதால் அதற்குள் மணிமணியாகப் படிகங்கள் வளர்ந்தன. சரிவில் கால் வழுக்காமல் நிற்கிறதே, அந்த மணிகளின் தயவுதான்.

ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். பாதிப் பாறையில், இரண்டு பாதம் வைக்க மட்டுமே இடமுள்ள ஒரு திட்டில் நின்றிருந்தேன். தோழி மேலே ஏறி, ஒரு புடைப்பைத் தாண்டி மறைந்துவிட்டாள். அவளுடைய கயிறு என் கையில்; அவள் தவறினால் பிடித்து நிறுத்த வேண்டியவள் நான். கயிறு நகர்ந்தால் அவள் நகர்கிறாள் என்று பொருள். அன்று வெகு நேரம் நகரவே இல்லை. அடுத்த பிடி அகப்படாமல் தேடுகிறாள் போலிருக்கிறது. நானோ கயிற்றிலிருந்து கையை எடுக்கக் கூடாது. எதிரே பாறை மட்டும்.

முதலில் வெறும் கல்லாகத்தான் தெரிந்தது. அப்புறம் உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் படலம் கண்ணில் பட்டது. லைக்கன். பூஞ்சையும் பாசியும் கூடி வாழ்கிற உயிர். பாறையில் ஒட்டிப் படரும் லைக்கன்களில் பல, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அது என்னைவிட மூத்ததாக இருக்கலாம்! அதன் ஓரமாக எறும்புச் சாரி. விரிசலில், ஒரு சிட்டிகை மண்ணில், ஒரு புல். இவ்வளவும் ஒரு சாண் தூரத்தில். கயிறு மறுபடி நகர்ந்தபோது, இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாமே என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

கல்லுக்குக் கல் குணம் வேறு. மணற்கல் மழையில் நனைந்தால் வலு இழந்துவிடும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். பிடித்த பிடி உடைந்து கையோடு வரும். அதனால் மழை விட்டாலும் ஓரிரு நாள் பொறுத்திருப்போம். ஜெர்மனியின் எல்பே மணற்கல் பகுதியில் ஈரப் பாறையில் ஏறக் கூடாது என்று விதியே உண்டு.

நேரமாகிவிட்டதென்று சைகை வருகிறது. சரி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் விரிசல்களில் இரும்பு ஆணி அடித்து ஏறுவார்கள். அமெரிக்காவின் யோசெமிட்டியில் அந்தத் தழும்புகள் இன்றும் இருக்கின்றன. 1970களில் ஆணிக்குப் பதிலாக, விரிசலில் கையாலேயே செருகி எடுக்கும் உலோகத் துண்டுகள் பரவின. கடைசியாக ஏறுபவர் அவற்றைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார். இன்னொன்று, பொரி வல்லூறு கூடு வைக்கும் மாதங்களில் பல இடங்களில் அந்தப் பாறைகளை மூடிவிடுவார்கள். குஞ்சுகள் பறந்த பிறகு நாங்கள் போவோம். நன்றி, வணக்கம்.