திங்கள், புதன், வெள்ளி

ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

டயாலிசிஸ் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு, அதற்குப் பதிலாக இரத்தத்தைச் சுத்தம் செய்கிற சிகிச்சை அது. நான் டாக்டர் இல்லை. திசையன்விளைப் பக்கத்திலிருந்து எங்கள் அப்பாவை நான்கு வருடம் அதற்காகப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்தவன். அந்த ஒரு தகுதிதான்.

வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம். இது ஆஸ்பத்திரிக் கணக்கு. எங்கள் வீட்டுக் கணக்கு வேறு. விடியுமுன் முதல் பஸ். புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ். முறை வரும்வரை பெஞ்சு. மெஷினிலிருந்து எழுந்தால் தலை சுற்றும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். அந்த உடம்போடு மறுபடி பஸ். வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை டயாலிசிஸ் செலவைப் பார்த்துக்கொண்டது. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும், கூட வந்தவன் இழந்த கூலிக்கும் எந்த அட்டையும் இல்லை.

அம்மா பீடி சுற்றித்தான் வீட்டை ஓட்டினாள். அதைப் பார்த்துப் பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை அப்பா சொன்னார்: "இந்த ஒரு தடவை விட்டா என்னலே ஆகப்போகுது?" நானும் சரி என்றுவிட்டேன். ஞாயிறு ராத்திரி அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் செய்கிற வேலையை மெஷின் 12 மணி நேரத்தில் செய்கிறது. அதில் நான்கைக் குறைத்தால் உடம்பு எப்படித் தாங்கும்? அந்தச் 'சரி'யை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம், பாசத்தில் நாம் செய்கிற ஒரு தப்பு. ஆள் வாடியிருக்கிறாரே என்று இளநீர் வெட்டிக் கொடுப்போம். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது இரத்தத்தில் ஏறி, இதயத்தையே நிறுத்திவிடலாம். பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து வெறுங்கையோடு போங்கள். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து வைப்பார்கள், அதுதான் ஃபிஸ்டுலா. அது போட்ட கையில் குடம் தூக்கக் கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கவும் விடக் கூடாது. அந்தக் கைதான் அவருக்கு உயிர்.

பஸ் ஏறாமல் வீட்டிலேயே செய்கிற முறையும் உண்டு. வயிற்றில் குழாய் வைத்து, இரண்டு லிட்டர் அளவு திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடிக்க வேண்டும். நாளுக்கு மூன்று, நான்கு தடவை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். கை சுத்தம் தவறினால் வயிற்றுக்குள் கிருமி சேர்ந்துவிடும். எல்லாருக்கும் ஒத்தும் வராது. ஆனால் எங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நீங்கள் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

மெஷின்தான் வழி என்றால், நம் சுற்றுவட்டாரத்தில் யார் யார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுவோம். ஒரே கிழமைக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு வேன் பேசலாம். வாடகையில் ஒரு பங்கை ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து கொடுக்கலாம். தாலுகா ஆஸ்பத்திரியில் கூடுதல் மெஷின் கேட்டு மனு எழுதவும் அந்த நோட்டுதான் ஆதாரம். கொண்டுவந்திருக்கிறேன். இறங்கியதும் அந்த வேப்பமரத்தடியில் உட்காருகிறேன், வந்து பெயர் சொல்லுங்கள்.