தண்ணீர் கேனில் தொடங்கும் நெட்வொர்க்ஸ் பாடம்

[காட்சி: வேளச்சேரியில் ஒரு கல்யாண மண்டப வாசல். 20 லிட்டர் கேன்களோடு மீன்பாடி வண்டி வந்து நிற்கிறது.]

வணக்கம். நெட்வொர்க்ஸ் பேப்பருக்குப் படிக்க உட்கார்ந்தால் முதலில் கையில் எடுப்பது, நெட்வொர்க் வேலையை ஏழாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ ஏழு அடுக்கு. நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். 13 மார்க் கேள்விக்கு அது போதும். ஆனால் ஒரு ஃபைல் ஏன் மெதுவாக இறங்குகிறது என்று கேட்டால் அந்தப் பட்டியலில் பதில் இருக்காது. அதனால் இன்றைக்கு, டேட்டா தொலையாமல் போய்ச்சேரப் பார்த்துக்கொள்ளும் டிசிபி என்கிற இணைய விதிமுறையின் விண்டோவை மட்டும் பார்க்கப்போகிறோம்.

இந்த மண்டபத்தைக் கவனியுங்கள். சமையல்காரர் 10 கேனுக்கு அட்வான்ஸ் கட்டியிருக்கிறார். கேன் வந்ததும் அண்டாவில் கவிழ்த்துவிட்டுக் காலியைத் திருப்பி அனுப்புகிறார். காலி வந்தால்தான் கடைக்காரர் அடுத்த கேனை ஏற்றுவார். போய்வர அரை மணி நேரம். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 400 லிட்டர். ரோட்டை ஆறு வழிச் சாலையாக்கினாலும் வண்டி போய்வரும் நேரம் அதேதான் என்றால் 400 லிட்டர்தான். ஒன்று, கேன் கூட வேண்டும். இல்லையா, கடை பக்கத்தில் இருக்க வேண்டும்.

[காட்சி: மண்டபம் மறைந்து இரண்டு கம்ப்யூட்டர்கள். கேன்கள் பாக்கெட்டுகளாகின்றன.]

ஃபைலை நறுக்கி அனுப்பும் ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்கெட். திரும்பி வரும் காலி கேன்தான் அக்னாலெட்ஜ்மென்ட், அதாவது 'வந்து சேர்ந்தது' என்கிற பதில். போய்வரும் நேரம் ஆர்டிடி. அட்வான்ஸ் கட்டிய கேன்களின் எண்ணிக்கை விண்டோ: பதில் வராமலே எவ்வளவு அனுப்பலாம் என்கிற அளவு.

[காட்சி: சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் ஒரு கோடு.]

சரி, இதை நம் ஊரில் வைத்துக் கணக்குப் போடுவோம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் ஐ2ஐ கடலடி கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போக 16 மில்லி செகண்ட், வர 16. ஆக 32. எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்தக் கேபிளில் இதற்குக் கீழே இறங்க முடியாது.

1981இல் வெளியான டிசிபி விதிகளில் விண்டோவுக்கு ஒதுக்கிய இடம் 16 பிட். அதில் எழுதக்கூடிய பெரிய எண் 65,535 பைட். 32 மில்லி செகண்டுக்கு ஒருமுறை 65,535 பைட் என்றால் நொடிக்குச் சுமார் 16 மெகாபிட். லைன் 1 கிகாபிட்டாகவே இருக்கட்டும், ஒரு கனெக்ஷனுக்குக் கிடைப்பது அந்த 16தான்! இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். எனக்கு இந்தப் பாடத்தின் மேல் ஆசை வந்தது அந்த இடத்தில்தான்.

1992இல் விண்டோ ஸ்கேலிங் வந்தது. பாக்கெட்டின் தலைப்புப் பகுதியான ஹெடரில் இருக்கும் விண்டோ எண்ணை 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்களால் பெருக்கிக்கொள்ளலாம், அதிகபட்சம் 16,384 மடங்கு வரை. எத்தனை மடங்கு என்பதைக் கனெக்ஷன் தொடங்கும் சின் பாக்கெட்டுகளில் மட்டும்தான் சொல்வார்கள். லேபில் நான், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் தாமதமாக ஓடவிட்டேன். சின் பாக்கெட் சிக்கவில்லை. ஸ்கேலிங் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 1 என்று நின்றது, விண்டோ நம்பவே முடியாத அளவுக்குச் சின்னதாகத் தெரிந்தது. ஒரு மத்தியானம் முழுக்க அதோடுதான் போனது.

[காட்சி: ரோடு முழுக்க வண்டிகள். எதுவும் நகரவில்லை.]

அட்வான்ஸ் நிறையக் கட்டியாயிற்று, ஆனால் ரோடு தாங்குமா? 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இதுதான் நடந்தது. இடையில் சுமார் 365 மீட்டர். பஸ் ஸ்டாப்பிலிருந்து காலேஜ் கேட் வரை நடக்கிற தூரம். நொடிக்கு 32,000 பிட் போன லைனில் வேகம் 40 பிட்டாக விழுந்தது. பதில் வரத் தாமதமானதும் ஒவ்வொரு மெஷினும் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பியது. நெரிசல் இன்னும் இறுகியது.

அதே ஆய்வகத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் இதற்கு வழி சொன்னார். அனுப்புபவரே தனக்கென்று இன்னொரு விண்டோ வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பாக்கெட்டில் தொடங்கி, பதில் வர வர ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கு. பாக்கெட் தொலைந்தால் ரோட்டில் நெரிசல் என்று புரிந்துகொண்டு குறை. இதில் ஒன்றில் தொடங்கி இரட்டிப்பாக்கும் பகுதியின் பெயர் ஸ்லோ ஸ்டார்ட். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இரட்டிப்பு என்பது ரொம்ப வேகம். இன்றைக்குப் பெரும்பாலும் ஒன்றுக்குப் பதில் 10 பாக்கெட்டில் தொடங்குகிறார்கள்.

[காட்சி: கறுப்புத் திரையில் பிங் ஓடுகிறது.]

இப்போது உங்கள் முறை. சிங்கப்பூரில் இருக்கும் ஏதாவது ஒரு சர்வருக்குப் பிங் போடுங்கள், ஒரு சின்ன பாக்கெட் போய்வரும் நேரத்தை அது காட்டும். 32க்கு மேல் எவ்வளவு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த மிச்சம் கேபிளுக்கு வெளியே உள்ள தூரத்திலும் வழியிலிருக்கும் ரூட்டர்களிலும் உங்கள் வீட்டு வைஃபையிலும் போன நேரம். அப்புறம் அதே சர்வரிலிருந்து ஒரு பெரிய ஃபைலை இறக்கி, உங்கள் கம்ப்யூட்டர் அறிவிக்கும் விண்டோ எப்படி வளர்கிறது என்று வயர்ஷார்க்கில் பாருங்கள். முதலில் கேப்சர், அதற்குப் பிறகுதான் டவுன்லோடு. சின் பாக்கெட்டை விட்டுவிடாதீர்கள்.