தவழும் பிள்ளையும் வீட்டுத் தூசியும் – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தாய் அனுப்பிய கேள்வி இது. எட்டு மாதப் பிள்ளை நாள் முழுக்கத் தரையில் தவழ்கிறதாம். வளவுக்குள் மாட்டுக்கொட்டில், வாசலில் கிரவல் வீதி, எத்தனை தரம் கூட்டினாலும் வீட்டுக்குள் புழுதி. சுவிஸில் இருக்கும் அக்கா, "தூசியில் கிருமி இருக்கு, காற்றைச் சுத்தமாக்கும் மெஷின் வாங்கு, காசு அனுப்புகிறேன்" என்கிறாராம். மாமியோ, "மண்ணில் புரண்டு வளரும் பிள்ளைக்கு வருத்தம் அண்டாது" என்கிறாராம். யார் சொல்வதைக் கேட்பது?

தங்கச்சி, நான் மாமி பக்கம்தான் கூடச் சாய்வேன். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அக்கா பயப்படுவதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தவழும் குழந்தை மாதிரி ஒரு ரோபோவைச் செய்து, வீடுகளில் பாவித்த கம்பளங்களின் மேல் ஊர விட்டுப் பார்த்தார்கள். 2018 இல் முடிவு வந்தது. கையும் முழங்காலும் தரையில் படப்பட, பக்டீரியா, பூஞ்சணத் துகள், மகரந்தம் எல்லாம் கிளம்பிப் பிள்ளையின் மூக்கைச் சுற்றியே நிற்கின்றன. உடல் நிறையோடு ஒப்பிட்டால், அதே தரையில் நடக்கும் பெரியவரை விடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு பிள்ளைக்குள் போகிறது. அது கம்பளம். உங்கள் சீமெந்துத் தரையில் அவ்வளவு தூசி தங்காது. ஆனாலும் பிள்ளையின் மூக்கு தரைக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது.

சரி, அப்படிப் போவது கெடுதலா? இங்கேதான் மாமி வருகிறார். அமெரிக்காவில் அமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள் இருக்கின்றன. இரண்டின் மூதாதையரும் ஐரோப்பாவிலிருந்து போனவர்கள், உணவும் பழக்கவழக்கமும் ஏறக்குறைய ஒன்று. அமிஷ் மக்கள் குதிரை பூட்டி உழுகிறவர்கள். மாட்டுக்கொட்டில் வீட்டோடு இருக்கும், பிள்ளைகள் அதற்குள்ளேயே விளையாடும். ஹட்டரைட் மக்களின் பண்ணை பெரிது, முழுக்க மெஷின், வீட்டுக்குத் தள்ளி இருக்கும். 2016 இல் வந்த ஆய்வின்படி பள்ளிப் பிள்ளைகளில் முட்டு வருத்தம் அமிஷில் 5 வீதம், ஹட்டரைட்டில் 21 வீதம். அமிஷ் வீட்டுத் தூசியில் பக்டீரியாவின் உடைந்த தோல்துண்டு, எண்டோடொக்சின் என்பார்கள், ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகம். சின்ன வயதிலேயே அது உள்ளே போய்ப் பழகுவதால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி கண்டதற்கெல்லாம் துள்ளாமல் நிதானமாகிறது என்பதுதான் அதன் விளக்கம். ஆகவே கொட்டிலுக்குக் கிட்டப் பிள்ளையைக் கொண்டு போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். இதைக் கேட்டுவிட்டுக் காய்ச்சாத பாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அதில் வரும் கிருமி வேறு.

இனி நிபந்தனை. நம் வீட்டுக் காற்றில் மண்ணும் மாடும் மட்டுமா இருக்கிறது? விறகடுப்புப் புகை இருக்கிறது. நுளம்புத்திரி இருக்கிறது. 2003 இல் சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற திரிகளை எரித்துப் பார்த்தார்கள். ஒரு திரி எரிந்து முடிய வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வரும் அளவு. அதைக் கதவை மூடி, பிள்ளையின் பாய்க்குப் பக்கத்தில் கொளுத்தி வைக்கிறோம். எனக்கு நெஞ்சு பதறுவது இதற்குத்தான், முற்றத்துப் புழுதிக்கு அல்ல. தயவுசெய்து வலை கட்டுங்கள்.

அடுத்தது மெத்தை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒரு தரம் மெத்தையைப் புரட்டிப் பாருங்கள். சுவரோடு ஒட்டிய பக்கம் கரும்புள்ளி விழுந்திருக்கும், முகர்ந்தால் ஈரச்சாக்கு மணம் வரும். அது பூஞ்சணம். கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியும் அங்கேதான் இருக்கும். நம் தோலிலிருந்து உதிரும் பொருக்குத்தான் அதன் சாப்பாடு, அதன் எச்சம்தான் பல பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்புகிறது. இந்தத் தூசி கொட்டில் தூசி மாதிரி நன்மை செய்யாது. வெயில் வந்தவுடன் மெத்தை, தலையணை எல்லாம் வெளியே போட்டு நன்றாகக் காயவிடுங்கள், உறைகளை நல்ல சுடுதண்ணீரில் தோயுங்கள். பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஊறிப்போயிருந்தால் எறிந்துவிடுங்கள், அதில் இரக்கம் பார்க்க வேண்டாம். பூஞ்சணம் பிடித்த சுவரைத் துடைத்தால் மட்டும் போதாது, தண்ணீர் எங்கே கசிகிறது என்று பார்த்து அடைக்க வேண்டும்.

கூட்டும்போது தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள், அல்லது ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த தும்புத்தடியால் இழுத்தால் தூசி இடம் மாறுமே தவிரப் போகாது. அந்த நேரம் பிள்ளையை மாமியிடம் கொடுத்து வெளியே அனுப்புங்கள். நெல் வெட்டும் நாட்களில் வைக்கோல் தூசி பறக்கும் வயலடிக்குக் கைக்குழந்தையைக் கொண்டு போகாதீர்கள்.

மெஷின் கேட்டீர்கள். பூட்டிய அறைக்குள்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். யன்னல் திறந்து, கூரைக்கும் சுவருக்கும் இடையே காற்று ஓடும் நம் வீட்டில் அதற்கு வேலை இல்லை. அக்கா அனுப்பும் காசில் குசினிக்கு ஒரு புகைபோக்கி வையுங்கள். காற்றோட்டம் இன்னொன்றுக்கும் நல்லது. காசநோய் தூசியால் பரவுவதில்லை, நோயுள்ளவர் இருமும் காற்றால்தான் பரவுகிறது. வீட்டில் யாருக்காவது இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

இதெல்லாம் சுகமாக இருக்கும் பிள்ளைக்கு. ஏற்கெனவே இழுப்பு உள்ள பிள்ளைக்கு மண்ணும் மாடும் மருந்தாகாது. வைத்தியர் தந்த பம்ப்பை நிறுத்தக் கூடாது. பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால், அல்லது மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், விடியட்டும் என்று காத்திராமல் அந்த நேரமே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.